கை வைக்கலாமா?

பார்வையாளர் தொட்டால், நடந்தால், மூச்சுவிட்டால் மாறுகிற படைப்புகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். கண்காட்சிகளுக்கு அசையும் சிற்பங்கள் செய்துகொடுப்பதும், பழுதானவற்றைச் சரிசெய்வதும்தான் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் பலரும் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அசையும் கலைக்கு அசைவதுதான் தகுதி என்றால் மின்விசிறியும் கலைதானே? எங்கே கோடு போடுகிறீர்கள்?

பதில்: விசிறி சுற்றுவது காற்றுக்காக. நின்றுபோனாலும் அது விசிறிதான், அதன் உருவத்தில் எந்தக் குறையும் வராது. ரஷ்யச் சிற்பி நௌம் காபோ 1919-20இல் மாஸ்கோவில் செய்த 'நிற்கும் அலை'யைப் பாருங்கள். ஒரு சின்னப் பீடம், அதிலிருந்து நேராக மேலே எழும் ஒற்றை எஃகுக் கம்பி, பீடத்துக்குள் ஒரு மின்மோட்டார். மொத்த உயரம் சுமார் இரண்டடி. மோட்டாரை நிறுத்திவிட்டால் அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. ஓடவிட்டால் கம்பி அதிர்ந்து, புடைத்தும் ஒடுங்கியும் வளைந்த, ஊடுருவித் தெரிகிற ஓர் உருவம் காற்றில் நிற்கும். அசைவு என்றால் என்ன என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காகத்தான் அவர் இதைச் செய்தார்.

அந்த உருவம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கம்பியில் இல்லை, கம்பி ஒல்லியானது. மோட்டாரிலும் இல்லை. அந்த வேகத்தை நம் கண்ணால் பின்தொடர முடியாததால், கம்பி போய்வரும் இடம் முழுவதும் நிரம்பியதாகத் தெரிகிறது. யாரும் விரல்கூட வைக்காத இந்தச் சிற்பத்துக்கே பார்ப்பவரின் கண் ஒரு பாகமாகத் தேவைப்படுகிறது. அசைவை எடுத்துவிட்டால் படைப்பே இல்லாமல் போகிறதா? ஆம் என்றால் அது அசையும் கலை. நான் போடுகிற கோடு அதுதான்.

கேள்வி: இதெல்லாம் குழந்தைகளுக்கான விளையாட்டு என்கிறார் என் கணவர். அப்படியா?

பதில்: இல்லை. 1966இல் வெனிஸ் பியென்னாலே என்ற பெரிய சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும் பரிசை வாங்கியவர் ஹூலியோ லெ பார்க். ஒளியும் மோட்டாரும் ஆடும் தகடுகளும் வைத்து வேலை செய்தவர். அவரும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய பாரிஸ் குழு, அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு நாள் முழுக்க நகரத் தெருக்களிலேயே தங்கள் பொருட்களைக் கொண்டுபோய் வைத்தது. கால் வைத்தால் ஆடும் பலகைகள்மேல் நடந்து பார்த்தவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர்கள். பங்கெடுக்காமல் இருப்பதற்கும், தொடாமல் இருப்பதற்கும், உடைக்காமல் இருப்பதற்கும் தடை என்று 1963லேயே துண்டறிக்கை போட்ட குழு அது. அடுத்த கண்காட்சிக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அமெரிக்கச் சிற்பி கால்டர் செய்தமாதிரி, கம்பியில் தொங்கி ஆடும் மோபைல் ஒன்றைச் செய்து பார்க்க ஆசை. எத்தனை முறை கட்டினாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் மேலிருந்து தொடங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் தொங்குவது மேலிருந்துதானே. அலெக்சாண்டர் கால்டர் கடைசி நுனியிலிருந்து, அதாவது மிகச் சிறிய துண்டிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே போவார். 1919இல் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கியவர், காரணத்தோடுதான் செய்தார்.

கணக்கு சுலபம். கம்பியின் ஒரு முனையில் 10 கிராம் தகடு, மறுமுனையில் 20 கிராம் தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் இடத்திலிருந்து 10 கிராம் 20 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், 20 கிராம் 10 சென்டிமீட்டரில் இருக்கவேண்டும். இந்தக் கம்பி சமநிலைக்கு வந்த பிறகு அது முழுவதும் சேர்ந்து மேலேயுள்ள கம்பிக்கு ஒரே ஒரு 30 கிராம் எடைதான், அதோடு கம்பியின் எடை. கீழே முடிந்த பகுதியை மறுபடி தொடவே வேண்டாம். மேலிருந்து கட்டினால் கீழே ஒரு தகட்டைச் சுரண்டினாலும் மேலே உள்ள எல்லாம் கலைந்துபோகும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் சொல்வதில்லை. கம்பியை முழுக்க நேராக விடாதீர்கள். நடுவிலுள்ள வளையம் மேலேயும் இரு முனைகளும் கொஞ்சம் கீழேயும் இருக்கிற மாதிரி லேசாக வளையுங்கள். எடை தொங்கும் புள்ளிகள் தாங்கும் புள்ளிக்குக் கீழே இருந்தால், தட்டிவிட்டாலும் திரும்பிவந்து நிற்கும். ஒரே கோட்டில் இருந்தால் சாய்த்த இடத்திலேயே நின்றுவிடும். முனைகள் மேலே போய்விட்டால் குப்புற விழும். எவ்வளவு வளைக்கிறீர்களோ அவ்வளவு பிடிவாதமாக நேராக நிற்கும், ஆனால் அசைவு குறையும். எனக்குக் கொஞ்சம் தடுமாறுகிற மோபைல்தான் பிடிக்கும், அதனால் குறைவாகவே வளைப்பேன். அறைக்குள் யாராவது நுழைந்தால் அந்தக் காற்றுக்கே அது திரும்பிப் பார்க்கவேண்டும்.

நூல் முறுக்கிக்கொண்டு பின்னோக்கிச் சுற்றுவது தொல்லையாக இருந்தால், மீன்பிடிக்கும் தூண்டிலில் போடுகிற சின்னச் சுழல் கொக்கியை ஒவ்வொரு இணைப்பிலும் போடுங்கள். தடையில்லாமல் சுற்றும்.

கேள்வி: கண்காட்சிகளில் 'இன்டராக்டிவ்' என்று எழுதி ஒரு பொத்தானை வைத்துவிடுகிறார்கள். என் மகன் அழுத்துகிறான், விளக்கு எரிகிறது, அடுத்ததுக்கு ஓடிவிடுகிறான். இதிலே பார்வையாளருக்கு என்ன பங்கு?

பதில்: பங்கே இல்லை. உங்கள் மகன் ஓடியதில் தப்பும் இல்லை, அங்கே அவனுக்கு வேறு வேலை வைக்கவில்லை. பொத்தான் வைத்த படைப்பு முன்கூட்டியே முடிந்துவிட்ட ஒன்று, யார் அழுத்தினாலும் அதே விளக்குதான். இந்தத் துறையில் எனக்கு நிஜமாகவே மனம் வலிப்பது இந்த இடத்தில்தான், ஏனென்றால் இதைப் பார்த்துவிட்டுப் பலர் மொத்தக் கலையையும் இப்படித்தான் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

பிரேசிலின் லிஜியா கிளார்க் 1960 வாக்கில் 'பிச்சோ' என்று ஒரு வரிசை செய்தார். தட்டையான உலோகத் தகடுகளைக் கீல்களால் இணைத்தது, கையில் எடுத்து மடக்கலாம், விரிக்கலாம். நீங்கள் ஒரு தகட்டை மடக்கும்போது இன்னொரு தகடு நீங்கள் கேட்காமலேயே எழும். வேறொன்று வழி மறித்து முட்டும். நினைத்த உருவத்துக்குக் கொண்டுபோக முடியாது, அது விடுகிற வழியில்தான் போக முடியும். எத்தனை விதமாக அசையும் என்று யாராவது கேட்டால், எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அதற்குத் தெரியும் என்பாராம். எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைத்ததில்லை. படைப்புக்கு என்று ஒரு குணம் இருக்கவேண்டும். நீங்கள் செய்வதற்கு அது பதில் சொல்லவும் வேண்டும், கொஞ்சம் எதிர்த்து நிற்கவும் வேண்டும்.

மின்னணுச் சாதனத்திலும் இது முடியும். டேனியல் ரோசின் 1999இல் செய்த 'மரக் கண்ணாடி'யில் 830 சின்னச் சதுர மரத்துண்டுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் அதை வேண்டிய கோணத்துக்குச் சாய்க்கும் ஒரு சர்வோ மோட்டார். நடுவில் மறைவாக ஒரு கேமரா. மேலிருந்து விளக்கு விழுகிறது. மேல்நோக்கிச் சாயும் துண்டு வெளிச்சமாகத் தெரியும், கீழே சாயும் துண்டு இருட்டாகத் தெரியும். எதிரில் நிற்பவரின் உருவம் அந்த மரத்திலேயே தெளிந்து வரும். அசையும்போது 830 துண்டுகளும் சலசலக்கும். முதலில் எல்லோரும் கையைத் தூக்கிப் பார்ப்பார்கள், அப்புறம் அந்தச் சத்தத்துக்காகவே மெதுவாக அசைவார்கள். தங்கள் உடம்புக்குச் சத்தம் உண்டு என்று அங்கேதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2006இல் முதலில் மெக்சிகோவில் வைத்த 'நாடித்துடிப்பு அறை' இன்னும் ஒரு படி மேலே. பெரிய அறை, கூரையிலிருந்து பழைய இழை பல்புகள் தொங்கும், இடத்துக்குத் தக்கபடி நூறிலிருந்து முந்நூறு வரை. ஒரு மூலையில் கைப்பிடி. இரண்டு கையாலும் பிடித்தால் உங்கள் நாடியைச் சென்சார் படிக்கும், பக்கத்திலுள்ள பல்பு அந்தத் தாளத்திலேயே எரிந்து அணையும். கையை விட்டதும் அறையே ஒரு கணம் இருட்டாகும். பிறகு உங்கள் துடிப்பு அடுத்த பல்புக்குப் போகும், அங்கிருந்தது அதற்கடுத்ததற்கு. எல்லாம் ஓர் இடம் நகர, வரிசையின் கடைசியில் இருந்தவரின் துடிப்பு வெளியேறிவிடும். இப்போது பாருங்கள், இதிலும் செய்வது ஒரு கைப்பிடியைப் பிடிப்பதுதான், பொத்தான் அழுத்துவதைவிட எளிது. ஆனால் எரிவது உங்கள் துடிப்பு, உங்களுக்கு முன்னால் வந்த யாரோ ஒருவருடையதைத் தள்ளிக்கொண்டுதான் அது உள்ளே வருகிறது. பிடித்தவர்கள் உடனே போவதில்லை. தங்கள் பல்பு எங்கே போயிற்று என்று நின்று பார்க்கிறார்கள்.

கேள்வி: பார்வையாளர்தான் முடிக்கிறார் என்றால் கலைஞர் யார்?

பதில்: விதியை எழுதியவர். 1959இல் ழான் டிங்குலி வரையும் இயந்திரங்கள் செய்தார். பார்வையாளரே காகிதத்தை மாட்டி, பேனாவைத் தேர்ந்தெடுத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, நடுங்கும் அந்தக் கையிலிருந்து ஒரு படத்தை வாங்கிக்கொண்டு போகலாம். அதற்குக் காப்புரிமைகூட எடுத்தார். ஒரே இயந்திரத்திலிருந்து ஒரே மாதிரி இரண்டு படம் வராது, ஆனால் எதைப் பார்த்தாலும் அந்த இயந்திரத்தின் கை தெரிந்துவிடும். அந்தக் கை டிங்குலியுடையது, படம் உங்களுடையது. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிவதால் எனக்கு இதில் குழப்பம் தோன்றியதில்லை.

கேள்வி: தொடுவதற்காகவே செய்த சிற்பத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து 'தொடாதீர்கள்' என்று எழுதுவது அநியாயம் இல்லையா?

பதில்: அநியாயம்தான், ஆனால் அருங்காட்சியகத்தின் பக்கத்தையும் சொல்லவேண்டும். பழைய கீல் ஒன்றை ஆயிரம் பேர் மடக்கினால் தேய்ந்து, அப்புறம் தகடு பிளந்துபோகும். இன்னொரு பக்கம் மனிதர்களுக்கும் அடிபடும். 1971இல் லண்டன் டேட் கேலரியில் ராபர்ட் மாரிஸ் மரச் சரிவுகளும் உருளைகளும் கயிறுகளும் வைத்து, ஏறி உருட்டி நடந்து பாருங்கள் என்றார். மக்கள் அவ்வளவு உற்சாகமாக ஏறினார்கள் என்பதால் பொருட்கள் உடைந்தன, ஆட்களுக்குக் காயம்பட்டது, சில நாட்களிலேயே மூடிவிட்டார்கள். 2009இல் டேட் மாடர்னில் பாதுகாப்பான பொருட்களைக் கொண்டு திரும்பச் செய்து திறந்தார்கள்.

வழி அதுதான் என்று நினைக்கிறேன். முதல் பிரதியைப் பத்திரமாக வையுங்கள், பக்கத்தில் கையில் எடுக்க ஒரு மறுபிரதி வையுங்கள். ஹெசுஸ் ரஃபேல் சோட்டோ 1967 முதல் செய்த 'ஊடுருவும் வெளிகள்' இதற்கு ஏற்ற மாதிரியே பிறந்தவை. மேலே ஒரு சட்டம், அதிலிருந்து தரைவரை நெருக்கமாகத் தொங்கும் மெல்லிய குழாய்கள், உள்ளே புகுந்து நடக்கவேண்டும். குழாய் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், படைப்புக்கு ஒன்றும் ஆகாது. கீலோ பேரிங்கோ தேயும் என்று தெரிந்தே செய்யும்போது, கழற்றி மாட்டும்படி செய்வது கலைஞரின் பொறுப்பு. பழுதுபார்க்க என்னிடம் வருகிறவற்றில் பாதிக்கு மேல் பசை போட்டு ஒட்டிய அச்சுகள். இளம் கலைஞர்களே, தயவுசெய்து திருகாணி போடுங்கள்.

கேள்வி: கல்லூரி இறுதியாண்டுக்காக, ஆள் வந்தால் விழித்துக்கொள்ளும் ஒரு சுவர் செய்கிறேன். அசைவு உணரும் பிஐஆர் சென்சார் போட்டிருக்கிறேன். ஆள் எதிரிலேயே நிற்கும்போது அணைந்துவிடுகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. அந்தச் சென்சார் ஆளைப் பார்ப்பதில்லை, வெப்பம் நகர்வதைத்தான் பார்க்கிறது. அசையாமல் நிற்பவர் அதன் கணக்கில் காணாமல்போய்விட்டார். உங்கள் சுவரை மிகவும் ரசித்து உறைந்து நிற்பவரைத்தான் அது முதலில் கைவிடுகிறது, கொடுமை. அருகில் இருப்பதை அளக்கும் தூர சென்சார் ஒன்றையும் சேருங்கள். ஒலியலைச் சென்சார் என்றால் கம்பளி, பஞ்சு போன்ற மெத்தென்ற துணி ஒலியை உறிஞ்சிவிடும், சரிவான பரப்பு வேறு பக்கம் அனுப்பிவிடும், பல உடைகளோடு சோதியுங்கள். அகச்சிவப்பு என்றால் சன்னலில் வரும் வெயில் குழப்பும்.

ஆள் வந்ததற்கும் சுவர் அசைவதற்கும் நடுவே பத்தில் ஒரு பங்கு வினாடிக்கு மேல் ஆகவிடாதீர்கள். அதற்குள் வந்தால் 'நான் செய்தேன்' என்று கை நம்பும். தாமதித்தால் சுவர் தானாக ஆடுகிறது என்று நினைத்து அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். முழு அசைவும் உடனே வரவேண்டியதில்லை, ஒரு சின்னச் சிலிர்ப்பு உடனே வந்தால் போதும், மீதி நிதானமாக வரலாம்.

யாருமே இல்லாதபோது சுவர் என்ன செய்கிறது என்று முடிவுசெய்தீர்களா? செத்துக் கிடக்கும் சுவரிடம் யாரும் போகமாட்டார்கள். லேசாக மூச்சுவிடுகிற மாதிரி ஏதாவது வைக்கவும். பெரிய பரப்பில் விளக்கு சிமிட்டுவதாக இருந்தால் வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம், ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களும் பார்வையாளர்களில் இருப்பார்கள். விரல் சிக்கும் இடைவெளிகளை இப்போதே மூடுங்கள். கடைசியாக, ஒரு சிறுவன் சென்சாரைக் கையால் பொத்தி உங்கள் சுவரை நிறுத்தினால் விரட்டாதீர்கள். நான் செய்த ஒன்றில் ஒரு பையன் அப்படித்தான் செய்தான். பொத்தினால் சத்தம் நிற்கும், விரலைக் கொஞ்சம் விலக்கினால் திக்கித்திக்கி வரும் என்று கண்டுபிடித்து அதில் ஒரு தாளமே வாசித்தான். அங்கே நான் எழுதிவைத்த குறிப்பில் இல்லாத வாசிப்பு அது, அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

கேள்வி: நான் கூச்ச சுபாவம் உள்ளவள். பத்துப் பேர் பார்க்கும்போது எதையும் போய்த் தொடமாட்டேன். எனக்கு இந்தக் கலை கிடையாதா?

பதில்: தாராளமாக உண்டு. யோகோ ஓனோ 1964இல் கியோட்டோவில் மேடையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, வந்து என் உடையை ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போங்கள் என்றார். போய் வெட்டியவர்களும் இருந்தார்கள், எழுந்திருக்காதவர்களும் இருந்தார்கள். இருக்கையிலேயே இருந்தவர்களுக்கும் அன்று ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. 1974இல் நேப்பிள்ஸில் மரினா அப்ரமோவிச் 72 பொருட்களை மேசையில் வைத்து, ஆறு மணி நேரம் என்னை எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று நின்றார். பொருட்களில் ஒரு துப்பாக்கியும் ஒரு தோட்டாவும் இருந்தன. நேரம் ஆக ஆக அத்துமீறினார்கள். அத்துமீறியவர்களைத் தடுத்தவர்களும் அதே கூட்டத்தில் இருந்தவர்கள்தான்.

நீங்கள் ஓரமாக நின்று மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டம் குறைந்ததும், யாரும் இல்லாதபோது, ஒரு விரல் வைத்துப் பாருங்கள். ஊழியர் யாராவது 'வாங்க, செய்யுங்க' என்று கையைப் பிடித்து இழுத்தால் மறுத்துவிட உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: இருப்பதிலேயே மெதுவாக அசையும் சிற்பம் எது?

பதில்: எனக்குத் தெரிந்து ஆர்தர் கான்சனின் 'கான்கிரீட்டோடு ஓர் இயந்திரம்'. மோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்று ஓடும். அடுத்தடுத்து 12 பல்சக்கர இணைகள், ஒவ்வொன்றும் வேகத்தை ஐம்பதில் ஒன்றாகக் குறைக்கும். கடைசிச் சக்கரம் ஒரு முறை சுற்றிவர 2 லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால் அதைக் கான்கிரீட் கட்டியில் பதித்துவிட்டார். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருக்கும், எதுவும் முறியாது.

கேள்வி: காணொளியில் பார்த்தால் போதாதா?

பதில்: கார்லோஸ் குரூஸ்-டியெஸின் வண்ண அறைகளையே சொல்கிறேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு பகுதியும் ஒரே வண்ண ஒளியில் மூழ்கியிருக்கும். சிவப்புக்குள் சற்று நின்றால் கண் அதற்குப் பழகி, வண்ணம் வெளிறத் தொடங்கும். அந்தக் கண்ணோடு பச்சைக்குள் நுழைந்தால் அங்கே இருப்பதைவிட அடர்த்தியான பச்சை தெரியும். இந்த மாற்றம் உங்கள் விழித்திரையில்தான் நடக்கிறது, சுவரில் எதுவும் மாறவில்லை. கேமராவால் இதைப் படம்பிடிக்க வழியே இல்லை. போதாது.

கேள்வி: என் அப்பாவுக்குப் பார்வை இல்லை. அவரோடு சேர்ந்து அனுபவிக்க ஏதாவது இருக்கிறதா?

பதில்: இந்தக் கலையில் அவருக்கு உங்களைவிட அதிகம் கிடைக்கலாம். சோட்டோவின் குழாய்க் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். தோளிலும் முகத்திலும் குழாய்கள் உரசி வழிவிடுவது கண் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றே. கண்காட்சிக்குப் போகும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, கையில் எடுத்துப் பார்க்கும் மறுபிரதி உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் கேட்டால் ஏற்பாடு செய்கிறார்கள், கேட்காவிட்டால் பெட்டியை விட்டு எடுப்பதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று, மறுபடியும் லிஜியா கிளார்க்குடையது, 1966. பெயர் 'கல்லும் காற்றும்'. ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றை அடைத்து வாயை ரப்பர் பேண்டால் கட்டவேண்டும். பையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்து, மேலே இருக்கும் மூலையில் ஒரு சின்னக் கூழாங்கல்லை வைக்கவேண்டும். கையை லேசாக அழுத்தினால் கல் மேலே எழும், தளர்த்தினால் அமுங்கும். உங்கள் அப்பா பையைப் பிடிக்கட்டும், நீங்கள் கல்லை வையுங்கள். எடை கையில் எப்படி ஏறி இறங்குகிறது என்று அவர் உங்களுக்குச் சொல்வார். பையை முழுக்க ஊதி விறைப்பாக்கிவிடாதீர்கள். அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகிற அளவுக்குத் தொளதொளவென்று இருந்தால்தான் கல் அமிழும்.